ஆதவன் படித்த பிரதி

ஹென்டர்சன்
ஆக்லாந்து
8 ஜூன் 2025

அன்புள்ள ரதிதேவிக்கு,

சென்ற கூட்டத்துக்குப் பிறகு உன் தோழி கஜானியின் வீட்டில் தங்கப் போய்விட்டாய். தொலைபேசியில் பேசினால் நான் இடைமறிக்கிறேன் என்றும், இனி எதுவாயினும் தபாலில் எழுதினால் மட்டுமே படிப்பாய் என்றும் அபர்ணா மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். நம் மகள் அதை எனக்குச் சொன்ன விதம்: "அப்பா, ஜஸ்ட் ரைட் டு ஹர். ஆர்க்யூ பண்ணாதீங்க." நிபந்தனையை ஏற்கிறேன். இப்போது இந்நாட்டில் தபால் வரும் வேகத்தைப் பார்த்தால், நீ கேட்டது நிபந்தனையா தண்டனையா என்பது தெளிவில்லை.

முதலில் மணியைப் பற்றி. வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒருவர் பேசும் நேரம் முடிந்ததும் அமைப்பாளர் மணி அடிக்க வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவன் நான். கை தூக்கி அதை ஏற்றவர்களில் நீயும் ஒருத்தி. நம் பூஜை அறையிலிருந்து அந்த மணியை எடுத்துக் கொடுத்ததே நீதான். ஆகவே சென்ற கூட்டத்தில் நீ பேசிக்கொண்டிருந்தபோது நான் மணி அடித்தது, கணவன் மனைவியை அடக்கிய செயல் அன்று. அமைப்பாளர் ஓர் உறுப்பினருக்கு நேரத்தை நினைவூட்டிய செயல். அன்று மாலையே கோபமாகச் செய்தி அனுப்பிய வட்டத்து உறுப்பினர் மரகதத்துக்கு இந்த வேறுபாடு விளங்கவில்லை.

அன்றைய தலைப்பு, இக்கால ஜப்பானியப் புனைகதையில் பெண்ணின் நிலையும் அதையொட்டிய மோதல்களும். கட்டுரைக்காக மூன்று குளிர்காலங்கள் படித்தேன் என்பது உனக்குத் தெரியும். நான் முன்வைத்த வாதம் எளியது. நான் எடுத்துக்கொண்ட நாவலின் நாயகி கசுமி, நகராட்சி அலுவலகத்தில் பிறருடைய திருமணப் பதிவுகளை வாங்கி வைக்கும் ஊழியர். அந்நாட்டுச் சட்டப்படி கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைத்தான் கொள்ள வேண்டும். தன் பெயரைத் திரும்பப் பெறுவதற்காக, கணவனோடு வாழ்ந்துகொண்டே காகிதத்தில் மட்டும் அவனை விவாகரத்துச் செய்கிறாள். அவனும் சம்மதிக்கிறான். வாசலில் அவளுடைய பெயர்ப்பலகையைத் தானே பொருத்துகிறான். தாயார் வரும் நாட்களில் மட்டும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறான். ஒருவர் மனமும் நோகாமல் நடக்கத் தெரிந்த அவனை உயர்ந்தவன் என்றேன். நீ எழுந்து, "ஊருக்குத் தெரியாத வரைக்கும் உயர்ந்தவன். சட்டைப் பைக்குள்ள போற பேரு எவ்வளவு நேரம் மூச்சு விடும்?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் நேரம் முடிந்தது.

என் உண்மையான குறை இது அன்று. அந்த நாவலை நீ மூலத்திலிருந்து தமிழாக்கி வருவதும், இரண்டாம் அத்தியாயம் முடிந்துவிட்டதும், அதை நம் வட்டத்து ஆதவன் படித்துவிட்டார் என்பதும் அன்றைய கூட்டத்தில், அவர் வாயால்தான் எனக்குத் தெரிந்தன. "ரெண்டாம் அத்தியாயம் இன்னும் வடிவா வந்திருக்கு" என்றார். நான் தலையசைத்தேன். நான் படிக்காத ஒன்றுக்காகத் தலையசைத்தேன், ரதிதேவி. சென்னையில் ஜப்பானிய நிறுவனத்தில் நீ மொழிபெயர்ப்பாளராக இருந்த நாள் முதல், நீ எழுதிய எதையும் முதலில் படித்தவன் நான். திருமணத்துக்கு முன்பே நீ எனக்குக் கொடுத்த இடம் அது. அதை எப்போது, எந்தக் கூட்டத்தில், யார் முன்மொழிந்து மாற்றினார்கள்?

பிரசாத்


ஒனிஹங்கா
13 ஜூன்

உங்களுக்கு,

உறையின் மேல் முகவரியைத் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தீர்கள். கஜானி அதை எடுத்து வந்து, "ரதி, இது கவுன்சில் கடிதம் போல கிடக்கு. நான் வீட்டு ரேட்ஸ் வரியெல்லாம் கட்டிப்போட்டன், பிறகென்ன?" என்றாள். உங்களிடமிருந்து என்றதும் உட்கார்ந்துவிட்டாள். "உங்கட மனுசன் வீட்டிலயும் இப்பிடித்தான் கதைக்கிறவரோ?" ஆமாம் என்றேன். எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் கூடுதலாகக் கிடைத்தது.

மணியைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. உங்கள் கட்டுரை நீண்டபோது அது மேசையில் சும்மா இருந்தது. ஆதவன் ஜப்பானில் நகோயா நகரில் தான் இருந்த கதையைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. அப்போதும் சும்மா இருந்தது. எல்லாரும் சிரித்தபோது மட்டும் அதற்கு உயிர் வந்தது. இதை நீங்கள் விதிப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் தேடிக்கொள்ளுங்கள்.

முதல் வாசகர் விஷயத்துக்கு வருகிறேன். முதல் அத்தியாயத்தை உங்களிடம்தான் கொடுத்தேன். மறந்துவிட்டீர்களா? சிவப்பு மையில் திரும்பி வந்தது. கசுமி அலுவலகத்தில் முதிய அதிகாரியிடம் "முடியாது" என்கிறாள். நீங்கள் அதை அடித்து, "இயலாமைக்கு வருந்துகிறேன்" என்று எழுதினீர்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். நீங்கள் கதவை மெதுவாகச் சாத்தவைத்தீர்கள். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. படித்து முடித்தபோது கசுமி நம் வீட்டு மருமகளாகியிருந்தாள். உங்கள் தமிழ் என்னுடையதைவிடச் சுத்தமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவள் எங்கே போனாள்?

ஆதவன் பள்ளிக்கூடத்தில் ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுப்பவன். மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறான். தப்பு இருந்தால் "இதில ஒருக்கா பாருங்கோ" என்பான். திருத்த மாட்டான், காட்டுவான். அவ்வளவுதான் வித்தியாசம்.

குளியலறைக் குழாய் சொட்டினால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். கீழ் அலமாரியில் நம்பர் இருக்கிறது.

ரதி


ஹென்டர்சன்
18 ஜூன்

ரதிதேவிக்கு,

குழாய் சொட்டவில்லை.

சிவப்பு மை பற்றிய உன் குற்றச்சாட்டைப் பதிவு செய்துகொண்டேன். ஓர் ஆசிரியர் என் கட்டுரையை அவ்வாறு திருத்தித் தந்திருந்தால் நன்றியுடன் ஏற்றிருப்பேன். நீ ஏற்கவில்லை. அதைச் சொல்லவுமில்லை. இரண்டாம் அத்தியாயத்தை மௌனமாக வேறொருவரிடம் கொண்டுபோனாய். நான் விதி வகுப்பவன் என்று ஏளனம் செய்கிறாய். என் விதிகளாவது எழுதப்பட்டவை, எவரும் படிக்கலாம். உன்னுடையவை எழுதப்படாதவை. மீறிய பிறகுதான் அவை இருந்தன என்பதே எனக்குத் தெரியவருகிறது.

நான் ஆதவன் மீது தவறான சந்தேகம் கொள்ளவில்லை. அவ்வளவு கீழ்த்தரமானவன் அல்லன். அவர் உன் கையைப் பிடித்திருந்தால் அதற்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது, நிவாரணம் இருக்கிறது. நான் அவருடன் சண்டையிடலாம். அவர் உன் வாக்கியத்தைப் படித்திருக்கிறார். அதற்கு நான் எங்கே முறையிடுவது? எந்தச் சொல்லில் நீ தயங்கினாய், எதை அடித்துவிட்டு எதை எழுதினாய் என்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இரவில் அடுக்களை மேசையில் நீ ஒரு சொல்லைத் தேடி உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாயே, அந்த நேரத்தில் எதிரே அமர்ந்திருப்பதற்கான உரிமை என்னுடையது என்று இத்தனை ஆண்டுகளும் நம்பியிருந்தேன். மஞ்சள் ஸ்வெட்டர் அணிந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கடைக்கே கேட்கும்படி சிரிக்கும் ஒருவரிடம் அந்த இடம் போகும் என்று நான் எண்ணவில்லை. அப்படி என்னதான் நகைச்சுவை இருக்கிறது அந்த அத்தியாயத்தில்? ஆங்கிலத்தில் நான் படித்தபோது ஒன்றும் தென்படவில்லை.

வீட்டுக்கு எப்போது வருகிறாய்?

பிரசாத்


ஒனிஹங்கா
23 ஜூன்

உங்களுக்கு,

ஆதவனின் மஞ்சள் ஸ்வெட்டரைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. அவன் அதை ஒரே ஒரு நாள்தான் போட்டுக்கொண்டு வந்தான், சனிக்கிழமை, கடைத்தெரு காப்பிக் கடைக்கு. கஜானி அப்போதே சொன்னாள்: "ரதி, ரோட்டுக்கு அங்கால நிக்கிற கார் உங்கட கார் மாதிரியே இருக்கு." ஆக்லாந்தில் சாம்பல் நிற டொயோட்டாவுக்கா பஞ்சம் என்றேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஹீட்டரும் போடாமல், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள்? உள்ளே வந்திருக்கலாமே. நாற்காலி இருந்தது.

சிரித்த காரணத்தைக் கேட்டீர்கள். கசுமியின் மாமியார் வந்து, வாசலில் திருகாணி ஓட்டைகளைப் பார்த்து, "இங்கே என்ன மாட்டியிருந்தது?" என்று கேட்கிறாள். மகன், "வெப்பமானி" என்கிறான். அதைத் தமிழில் எழுதும்போது, கூடத்தில் மாட்டியிருந்த என் பட்டச் சான்றிதழை உங்கள் அம்மா வந்தபோது கழற்றிவிட்டு நாள்காட்டி மாட்டினீர்களே, அது ஞாபகம் வந்தது. ஆதவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். முதல் முறையாக அது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

நல்ல செய்தி ஒன்று. முதல் இரண்டு அத்தியாயங்களையும் சென்னையிலிருந்து நாம் வரவழைக்கும் காலாண்டிதழ் வெளியிடுகிறது. பெயர், செ. ரதிதேவி.

இதைப் படித்ததும் உங்கள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். இந்த நாட்டுக்கு விசா விண்ணப்பத்தை நீங்கள்தான் நிரப்பினீர்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உங்களுக்கு உங்கள் அப்பா பெயர்: கோதண்டம். எனக்கு, பிரசாத். என்னைக் கேட்டீர்களா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. கேட்டிருந்தால் நினைவிருக்கும். உங்கள் அப்பா இந்த ஊரைப் பார்க்காமலே உங்கள் பாஸ்போர்ட்டில் குடியிருக்கிறார். என் அப்பா செல்வராஜ், என்னைக் கடன் இல்லாமல் படிக்கவைத்த மனிதர், விமானம் ஏறும் முன்பே இறக்கிவிடப்பட்டார். கிளினிக்கில் "மிஸஸ் பிரசாத்" என்று கூப்பிடும்போது ஒவ்வொரு தடவையும் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு விநாடி நினைக்கிறேன்.

ஜப்பானில் அதற்குச் சட்டம் இருக்கிறது. நமக்குச் சட்டம்கூட இல்லை. நீங்கள் ஒருவரே போதுமாக இருந்தது.

கோபத்தில் எழுதவில்லை. சந்தோஷமாக எழுதுகிறேன். என் பெயர் அச்சில் வரப்போகிறது.

ரதி


ஹென்டர்சன்
27 ஜூன்

ரதிதேவிக்கு,

நான் வண்டியை நிறுத்திய இடத்தில் ஒரு மணி நேரம் நிறுத்த அனுமதி உண்டு. அதை மீறவில்லை.

உன் எழுத்து அச்சேறுவதில் மகிழ்ச்சி. அந்தப் பெயரில் என்னைக் காணவில்லை. தேடினேன். ஓர் எழுத்தாகக்கூட இல்லை. முன்னுரையை ஆதவன் எழுதுகிறார் என்று மரகதத்திடமிருந்து அறிந்தேன். ஆக, ஒரே பக்கத்தில் உன் பெயரும் ஆதவன் பெயரும் இருக்கும். உன்னுடன் வாழ்ந்தவனின் பெயர் மட்டும் இராது.

ஆவணங்களில் நீ ரதிதேவி பிரசாத். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவரின் பெயரும் சட்டப்படியான பெயரும் பொருந்த வேண்டும் என்பது எங்கும் உள்ள நடைமுறை. இதை யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டியது அவசியம் என்று கருதுகிறேன்.

பிரசாத்


ஒனிஹங்கா
9 ஜூலை

பிரசாத் அவர்களுக்கு,

இதழாசிரியர் எழுதியிருக்கிறார். "ஆக்லாந்து வாசகர் வட்டத்தின் அமைப்பாளர்" என்பவரிடமிருந்து ஒரு மடல் வந்ததாம். செ. ரதிதேவி என்ற பெயரில் அங்கே எவரும் வசிப்பதாக ஆவணம் இல்லையாம். மொழிபெயர்ப்பு உரிமையில் பின்னால் சிக்கல் வரலாமாம். "தாங்கள்தான் அவர் என்பதற்குச் சான்று கிடைக்கும்வரை அத்தியாயங்களை நிறுத்தி வைக்கிறோம், மன்னிக்கவும்" என்று முடித்திருக்கிறார். பண்பான மனிதர். கூசிக்கூசி எழுதியிருக்கிறார்.

கசுமியின் கணவன் பலகையைக் கழற்றித் தன் பையில்தான் வைத்துக்கொண்டான். நீங்கள் அதைத் தபாலில் அனுப்பிவிட்டீர்கள்.

கஜானி உங்களை ஃபோனில் திட்டுகிறேன் என்று நின்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். "அப்ப நீங்கள் திட்டுங்கோ" என்றாள். எனக்குத் திட்ட வரவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தேன், மூடினேன். நான் இருக்கிறேன் என்பதற்கு எந்தச் சான்றைத் தேடுவது? என்னைத் தெரிந்த ஒருவர் வேண்டும். இந்த ஊரில் என் பழைய பெயரில் என்னைத் தெரிந்தவர் ஒருவர்தான்.

இனி எழுத வேண்டாம்.


ஹென்டர்சன்
19 ஜூலை

ரதிதேவிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். மீறுகிறேன். இதைப் படிக்காமல் திருப்பி அனுப்பினாலும், உடன் இருக்கும் தாளை மட்டும் எடுத்துக்கொள். நகலை இதழாசிரியருக்கு அனுப்பிவிட்டேன்.

உன் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியை நான் பலமுறை படித்தேன். பிறகு ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதினேன். சனிக்கிழமைகளில் நூலகத்தில் ஒரு மேசை போட்டு, இலவசமாகச் சான்றொப்பம் இட்டுத் தருவார்களே, அங்கே போனேன். அன்று இருந்தவர் முதிய பெண்மணி, பின்னலாடை பின்னிக்கொண்டிருந்தார். பத்திரத்தைப் படித்துவிட்டு அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் தமிழில் தருகிறேன்.

"இதுல ரெண்டு பெண்கள் பேர் இருக்கே. இதுல யாருங்க உங்க மனைவி?"

"ரெண்டும் ஒருத்தர்தான். அதைத்தான் சத்தியம் பண்ண வந்திருக்கேன்."

"ஓ. அந்தம்மாவுக்கு எந்தப் பேரு பிடிக்கும்?"

"முதல் பேரு."

"அப்ப ரெண்டாவது யாருக்குப் பிடிச்சது?"

நான் அடிக்கடி சொல்லும் "நடைமுறை" என்ற சொல் அப்போது வாய்க்கு வரவில்லை. அவர் ஊசிகளைக் கீழே வைத்துவிட்டு, என்னை எழுந்து நின்று உரக்கப் படிக்கச் சொன்னார். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். படித்தேன். செல்வராஜின் மகள் செ. ரதிதேவியும், ரதிதேவி பிரசாத் என அறியப்படுபவரும் ஒருவரே; முதற்பெயரில் அவர் எழுதத் தொடங்கியது என்னைச் சந்திப்பதற்கு முன்னரே; அப்பெயரில் எதையும் வெளியிட என் ஒப்புதல் அவருக்குத் தேவையில்லை; இதற்கு முரணாக நான் எழுதிய மடல் உண்மைக்குப் புறம்பானது. வரிசையில் நின்ற ஒரு பையன் கைதட்டினான். எதற்கென்று அவனுக்கும் தெரிந்திராது.

வாசலில் தபால் பெட்டியில் என் பெயருக்குக் கீழே உன் பெயரை ஒட்டலாம் என்று ஸ்டிக்கர்கூட வாங்கினேன். ஒட்டவில்லை. நாவலின் கணவன் முதலில் செய்ததும் அதைத்தான். எந்தப் பெயரை எங்கே ஒட்டுவது என்பதை ஒட்டுபவர் தீர்மானிக்கட்டும். ஸ்டிக்கர் அடுக்களை மேசையில், பிரிக்கப்படாமல் இருக்கிறது.

வட்டத்தின் அமைப்பாளர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். அடுத்தவரைக் கூட்டம் தேர்ந்தெடுக்கும். மணியைச் செய்தித்தாளில் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன்; நாக்கு ஆடாதிருக்கப் பஞ்சு வைத்திருக்கிறேன், எடுத்துவிட்டு அடிக்கவும்.

இனிப் பொறாமை இல்லை என்று எழுத ஆசைதான். எழுதினால் அது பொய் உறுதிமொழி. இன்றும் ஆதவன் மீது எனக்குப் பொறாமைதான். அவர் முன்னுரையை நான் எழுதியிருந்தால் எப்படித் தொடங்கியிருப்பேன் என்று மனத்துக்குள் எழுதிப் பார்க்கிறேன்; என்னுடையதே மேல் என்று தோன்றுகிறது. மேலும் ஒன்று. திருகாணி ஓட்டைகளைப் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் திரும்பப் படித்தேன். சிரிப்பு வரத்தான் செய்கிறது. நாள்காட்டியைக் கழற்றிவிட்டேன். உன் சான்றிதழ் பரணில் துணிகளுக்கு அடியில் இருந்தது. கண்ணாடி உடையவில்லை.

பிரசாத்


ஒனிஹங்கா
28 ஜூலை

உங்களுக்கு,

பார்சலைக் கஜானி குலுக்கிப் பார்த்துவிட்டு, "சத்தம் வரேல்ல, என்ன சாமான்?" என்றாள். பஞ்சை எடுத்ததும் அறை முழுக்கச் சத்தம். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இதழாசிரியர் எழுதிவிட்டார். அடுத்த இதழில் வருகிறது. உங்கள் உறுதிமொழியைப் படித்துவிட்டு, "இவ்வளவு கடுமையான மன்னிப்பை நான் பார்த்ததில்லை" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அது மன்னிப்பு என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. அவர் கண்டுபிடித்துவிட்டார். நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நீங்கள் வரவில்லை. வருவீர்கள் என்று கடைசி வரிசையில் ஒரு நாற்காலி விட்டு வைத்திருந்தேன். மரகதம் முன்மொழிந்து, நான்தான் இப்போது அமைப்பாளர். முதலில் பேசியவன் ஆதவன். கசுமியின் பெயரிலிருந்து தொடங்கி நகோயாவுக்குப் போனான். அங்கே அவன் வாடகைக்கு இருந்த வீடு, வீட்டுக்காரி, அவள் வளர்த்த பூனை. உங்கள் விதியை நினைத்துக்கொண்டேன். மணியை எடுத்தேன். அடித்தேன். வாய் திறந்தபடி நின்றான், பாவம். "அக்கா, இன்னும் கொஞ்சம் கிடக்கு!" என்றான். கஜானி பின்னாலிருந்து, "ரதி, இன்னொருக்கா அடியுங்கோ!" என்று கத்தினாள். இன்னொருமுறையும் அடித்தேன். அவன் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். கார்க் கண்ணாடி ஏற்றியிருந்ததால் உங்களுக்குக் கேட்டிருக்காது.

சொல்லாமல் கொண்டுபோனாய் என்று எழுதினீர்கள். அது சரிதான். சிவப்பு மை எனக்கு வலித்தது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் அதையும் திருத்துவீர்கள் என்று பயந்தேன். என் பயத்துக்குக் காரணம் இருந்தது, ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

எப்போது வருகிறாய் என்று இந்தத் தடவை நீங்கள் கேட்கவில்லை. அதனால் சொல்கிறேன். வரும் ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். மாலையில் திரும்புவேனா, தங்குவேனா என்பதை வந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். ஸ்டேஷனுக்குக் காரைக் கொண்டுவாருங்கள். இந்த முறை இறங்கி நில்லுங்கள். ஸ்டிக்கரை நீங்கள் தொட வேண்டாம்.

இத்துடன் மூன்றாம் அத்தியாயம். கணவனின் சட்டையைத் துவைக்கும்போது பையில் அந்தப் பலகை கசுமியின் கைக்குத் தட்டுப்படுகிறது. அவள் என்ன செய்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். தமிழில் எப்படிச் செய்கிறாள் என்பது தெரியாது. பேனா எதுவும் கையில் வைத்துக்கொள்ளாமல் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அடுக்களை மேசையில் எனக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். ஏதாவது உறுத்தினால் அந்த இடத்தில் நிறுத்துங்கள், போதும். மணி என்னிடம் இருக்கும்.

ஆதவன் இன்னும் இதைப் பார்க்கவில்லை.

ரதி